மூன்று கண்ணாடிகள்

கல்லடியில் கட்டடங்கள்
இரண்டு தண்ணீருக்கு நடுவில் நிற்கின்றன.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி.
காலையில் கழுவிய யன்னலைப்
பின்னேரம் நாக்கால் தொட்டால் கரிக்கும்.
தொட்டுப் பார்த்திருக்கிறேன். தொழில்.

நாங்கள் இரண்டு பேர், ஒரு பட்டா லொறி,
அறுநூறு லீற்றர் தாங்கி,
உவர்க் கிணற்றுத் தண்ணீரை
வெறுந்தண்ணீராக்கும் நாலு வடிகட்டி,
முப்பத்தைந்து அடிக்கு நீளும் காபன் தடி.
தடி நிப்றாஸின் கையில்.
குழாய் இழுப்பதும் பில் எழுதுவதும் நான்.

தடியின் நுனியில் எதை மாட்டுவது என்று
ஆறு மாதமாக வாதம்.
பத்து அங்குலத் தூரிகை சட்டத்தின் மூலைக்குள் போகும்.
பதினெட்டு அங்குலம் வேலையை முடிக்கும்,
தோள்மூட்டையும் முடிக்கும்.
மெல்லிய நைலோன் உப்பின்மேல் வழுக்கிக்கொண்டு போகும்.
வன்தும்பு காக்காய் எச்சத்தைக் கிளப்பும்,
ஆனால் ஐந்தாம் மாடியில் அதைத் தள்ளிப் பார்,
தடி வில்லாய் வளையும்.

கொழும்புக் கடைக்காரன் போனில் சொன்னான்:
இயற்கை மயிர், ஐயா.
உப்பைத் தூக்கி எடுக்கும். வழுக்காது.
விலையைக் கேட்டேன்.
எதன் மயிர் என்று கேட்கவில்லை.

வங்கியின் முன்பக்கம்,
கச்சான் காற்று புழுதி கொட்டிய ஒரு வியாழக்கிழமை.
நிப்றாஸ் புதுத் தூரிகையை மாட்டினான்.
முதல் கண்ணாடியிலேயே தெரிந்தது:
தும்பு பிடித்தது, அழுக்கு இறங்கியது,
தண்ணீர் தாளாய் வழிந்தது.
“இதுதான் சாமான் கா” என்றான்
முகமெல்லாம் நனைந்து.
இரண்டாவது. மூன்றாவது.

நான் லொறி நிழலில் குந்தியிருந்து
பெட்டிக்குள் கிடந்த துண்டை விரித்தேன்.
சின்ன எழுத்து.
பன்றி.

அவனுக்குத் தெரியாது.
எனக்கு மட்டும் தெரியும்.
துண்டை நாலாய் மடித்தேன்.
நாலாவது கண்ணாடிக்குத் தடி நகர்ந்தது.
அவ்வளவு நேரம்தான் யோசித்தேன்,
அதுவும் கூடத்தான்.

“நிப்றாஸ், இறக்கு.”

அவன் ஏசவில்லை.
தடியைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
கொங்கிறீற்றில் கிடத்தினான்.
மறுகா சேட்டைக் கழற்றினான்.
“ஏழு தரம் கழுவ வேணும், கோணேஸ்.
ஒரு தரம் மண் கலந்து.”

மண்ணுக்கு நான் ஓடினேன்.
கடற்கரை மணல் சரிவருமா என்று
பாதி வழியில் கிறுகிக் கேட்டேன்.
யோசித்தான்.
“வளவு மண் நல்லம்.”
வங்கியின் செவ்வரத்தை அடியில்
இரண்டு கை அள்ளினேன், காவலாளி பார்த்திருக்க.

முதல் வாளி சேறு.
அவன் கை, முழங்கை, கழுத்து,
தடி, குழாயின் முதல் பத்து அடி, சேட்.
மறுகா வெறுந்தண்ணீர்.
எண்ணுவது என் வேலையானது.
மூன்றில் ஒரு ஓட்டோ ஹோன் அடிக்கப் பிசகி
மறுபடி இரண்டிலிருந்து எண்ணினேன்.
ஒன்று கூடினால் பாவமில்லை என்றான்.
அப்போதுதான் சிரித்தான்.

நாளைக்குக் காத்தான்குடியில்
பள்ளிவாசல் யன்னல்கள், பதினாறு.
பழைய தூரிகையையே மாட்டினோம்,
நுனி பிளந்த நைலோன்.
ஒரு இழுப்பில் போவது இதற்கு இரண்டு இழுப்பு.
தண்ணீர் மணிமணியாய் உருளும் கண்ணாடி என்பதால்
பென்சில் துளையைக் கழற்றி
விசிறித் துளை போட்டேன்.
அலசும்போது தும்பைக் கண்ணாடியில் வைக்காதே,
கொஞ்சம் தூக்கிப் பிடி, மேலிருந்து கீழே,
என்று அவனுக்கே சொன்னேன்.
பதற்றத்தில் தெரிந்ததை எல்லாம் சொல்கிறவன் நான்.

அந்த விலையுயர்ந்த சாமான்
இப்போது என் மச்சானின் வள்ளத்தடியில்
பாசி உரசுகிறது.
நல்லாய்த்தான் உரசுகிறதாம்.

வங்கியின் மூன்று கண்ணாடியையும்
மறுகா முதலிலிருந்து கழுவினோம்.
முகாமையாளர் வெளியே வந்தார்:
துப்புரவாய்த்தானே இருந்தது,
ஏன் திரும்பவும்?

“உப்பு” என்றேன்.

நிப்றாஸ் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.
முகாமையாளர் விரலால் கண்ணாடியைத் தொட்டு,
தலையாட்டி,
பில்லில் ஒரு தரம் மட்டும் போடச் சொன்னார்.